கேம் பாய்க்கு நாலு பட்டன் பார்சல்!

மெதுவாக வாங்க, வாசற்படியிலேயே டேபிள் ஃபேன் குறுக்கே நிற்கிறது. ஈயப் புகையை ஜன்னல் பக்கம் தள்ளுவதுதான் அதற்கு வேலை. நமக்கெல்லாம் காற்று கிடையாது. சிந்தாதிரிப்பேட்டை மொட்டைமாடி அறை, மத்தியான வெயில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் இந்த மேஜையைப் பார்த்துவிட்டால் நகர மனசே வராது!

1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட கேம் பாய், உள்ளே இருந்ததையெல்லாம் உருவிவிட்டு வெறும் கூடாகக் கிடக்கிறது. அதற்குள் குடியேறப் போவது ராஸ்பெர்ரி பை ஸீரோ: 6.5 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், அவ்வளவுதான் மொத்தக் கம்ப்யூட்டரும். கல்லூரி படிக்கும் பையனும், ரிச்சி தெருவில் டிவி ரிப்பேர் பார்த்த அவன் மாமாவும் சேர்ந்து செய்கிறார்கள்.

பழைய கூட்டில் திசைப் பட்டன் போக ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் மட்டும்தான். பையன் ஆட விரும்புவதோ சூப்பர் நின்டெண்டோவின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. மூன்று குத்து, மூன்று உதை, ஆறுக்கும் தனித்தனி பட்டன் வேண்டும். ஆகவே எக்ஸ், ஒய், எல், ஆர் என்று நாலு புது ஆட்கள்.

ட்ரில் சத்தம் கேட்டதும் பையன் கண்ணை மூடிக்கொள்கிறான். "கண்ணைத் திற மாப்ளே, ஓட்டை போடறது பிளாஸ்டிக்குக்குத்தான்!" மாமாவின் மீசையெல்லாம் சாம்பல் நிறத் தூள். ஏ-யும் பி-யும் சாய்வாக இருப்பதால் புது ஓட்டைகளும் அதே சாய்வில் வர வேண்டும். உருட்டு அரத்தால் இரண்டு இழுப்பு, பட்டனை வைத்து ஒரு பார்வை, மறுபடி இரண்டு இழுப்பு. பட்டன் உள்ளே போய்த் திரும்பி எழும்பியதும் இருவரும் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்: வயரிங். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு கால் பை போர்டில் தனக்கென்று ஒரு பின்னுக்குப் போகும். இன்னொரு கால் கிரவுண்டுக்கு. கிரவுண்டு வயர் ஒன்றே ஒன்றுதான், பன்னிரண்டு பட்டனையும் தொட்டுத் தொட்டு ஓடுகிறது, பூச்சரம் போல. மாமா வயரின் தோலைப் பல்லால் உரிக்கிறார். "கட்டர் இருக்கே மாமா?" "பல்லும் இருக்கேடா." நுனியில் ஈயம் பளிச்சென்று உருண்டு உட்காரும் அந்த நொடியில் மூவருமே மூச்சை அடக்கிக்கொள்கிறோம். பிறகு மல்டிமீட்டர். பட்டனை அமுக்கினால் பீப். அடுத்தது, பீப்! ஒவ்வொரு பீப்புக்கும் பையன் ஒரு குதி குதிக்கிறான்.

கூட்டை மூடப் பார்த்தால் மூட மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூ தூணுக்கு அடியில் ஆர் வயர் நசுங்கிக்கொண்டிருந்தது. வழி மாற்றி, க்ளூ கன்னால் ஒரு பொட்டு வைத்தாயிற்று.

ஸ்விட்சைப் போட்டாச்சு! எல்-ஐ அமுக்கினால் ஆர் வேலை செய்கிறது. பின்பக்கம் திருப்பிப் போட்டு வயர் வைத்ததில் இடம் வலமாகிவிட்டது. மாமா சால்டரிங் அயர்னை எடுக்கப் போக, பையன் கையைப் பிடித்துத் தடுக்கிறான். "வேணாம் மாமா, சாஃப்ட்வேர்லயே மாத்திடலாம்." ஒவ்வொரு பட்டனாக அது கேட்கக் கேட்க, வரிசையாக அமுக்கிக் காட்டினான். முடிந்தது.

முதல் ஆட்டம் மாமாவுக்கு. நம்ம ஊர் யோகி தால்சிமைத்தான் தேர்ந்தெடுத்தார், பின்னே! ஆர்-ஐ அழுத்தியதும் தால்சிமின் கால் திரையின் பாதிக்கு நீண்டு எதிராளியைச் சாய்த்தது. "பார்த்தியா மாப்ளே, அது நான் வச்ச பட்டன்!"