சரக்குப் பெட்டிக்கு எது பழைய வடிவம்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஆன்டோனிட்டோவையும் நியூ மெக்சிகோவின் சாமாவையும் இணைத்து ஏறத்தாழ 103 கிலோமீட்டர் ஓடும் கம்பிரஸ் அண்டு டோல்டெக் ரயில்பாதையில், இரு தண்டவாளங்களுக்கு இடையேயான அகலம் 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர் மட்டுமே. பொதுவான அமெரிக்கப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டராக இருக்க, மலைச்சரிவுகளில் நெருக்கமாக வளைந்து செல்லவும் செலவைக் குறைக்கவும் டென்வர் அண்டு ரியோ கிராண்டு நிறுவனம் 1880இல் இக்குறுகிய அளவில் பாதையை அமைத்தது. 1968இல் சரக்குப் போக்குவரத்து நின்றபின், 1970இல் இரு மாநில அரசுகளும் சேர்ந்து இதை வாங்கின. இன்று சுற்றுலாப் பயணிகளின் கண்கள் நீராவி எஞ்சினை விட்டு அகலுவதில்லை. ஆனால் இப்பாதைக்குச் சோறு போட்டவை ஆடுமாடுகளையும் மரங்களையும் கச்சா எண்ணெயையும் சுமந்த சரக்குப் பெட்டிகளே.

அப்பெட்டிகளுள் 1904இல் கட்டப்பட்ட 3000 வரிசை மூடுபெட்டிகளை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 30 அடி நீளமுள்ள அவற்றின் அடிச்சட்டம் பெரும்பாலும் மரத்தாலானது. நீளவாக்கில் கிடக்கும் மர உத்தரங்கள் பாரத்தால் நடுவில் தொய்ந்துவிடாதபடி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரும்பு இழுகம்பிகள் அடியில் ஓடுகின்றன. இவற்றின் நடுவிலுள்ள திருகுமுடுக்கியைத் திருப்பினால் கம்பி இறுகி, தொய்ந்த சட்டம் சற்றே மேலெழும்பும். உத்தரம் உளுத்திருந்தால் இந்த முறுக்கலே அதை நசுக்கிவிடும் என்பதால், மரத்தின் நிலையைச் சோதிக்காமல் எவரும் திருகில் கைவைப்பதில்லை. மழைநீரும் பனிநீரும் தங்குகிற இடங்களான கதவுக்கால்களின் அடியும், உத்தர முனைகளின் குடுமிகளுமே, அதாவது துளையில் செருகுவதற்காகச் செதுக்கிய பகுதிகளுமே, பெரும்பாலும் முதலில் மக்குகின்றன. வெளியே பலகை உறுதியாகத் தெரியும்போதே உள்ளே கத்திமுனை எதிர்ப்பின்றி இறங்கும்.

மக்கியதை மாற்றிக்கொண்டே போனால் பழைய பெட்டியில் எஞ்சுவது என்ன என்ற ஐயம் எழுவது இயல்பு. எனினும் ரயில் நிறுவனமே இவற்றைப் போற்றிக் காத்ததில்லை. பலகைகளை மாற்றியும் 1920களில் பல பெட்டிகளைப் பிரித்துக் கட்டியும் உழைப்பை வாங்கியது. ஆகவே இன்று அவற்றை மீட்டெடுப்போர் உண்மையில் தேர்வு செய்வது ஓர் ஆண்டைத்தான்: 1904ஆம் ஆண்டுத் தோற்றமா, மறுகட்டுமானத்துக்குப் பிந்தையதா என்று முடிவான பின்னரே, பழைய ஒளிப்படங்களும் அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்த வண்ணப்பூச்சும் எழுத்துகளின் அளவையும் இடத்தையும் காட்டித்தருகின்றன.

இப்பாதைக்கென 1988இல் தொடங்கப்பட்ட நண்பர்கள் அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் கோடைக்காலங்களில் கூடி இந்த மீட்டெடுப்புப் பணியில் ஈடுபடுகின்றனர். காட்சிக்கு மட்டும் நிற்கும் பெட்டியில் பழைய மரத்தைக் கூடுதலாக விட்டுவைக்கலாம். ஓடப்போகும் பெட்டியிலோ இணைப்புக் கொக்கியின் இழுவை முழுவதும் அடிச்சட்டத்தின் வழியே பாய்வதால், ஐயத்துக்குரிய உத்தரம் எவ்வளவு பழமையானதாயினும் மாற்றப்பட்டாக வேண்டும்.