எல்லாரும் ஒண்ணாப் போக மாட்டோம்

2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த அந்த நான்கு நாட்களில் ஒரு ராத்திரி. வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது படிக்கும் என் மகள் தட்டில் கை வைத்தபடியே கேட்டாள்: "அப்பா, ரெண்டு நாட்டுக்கிட்டயும் அணுகுண்டு இருக்காமே? மதுரையில விழுந்தா என்ன ஆகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா முந்திக்கொண்டார். "விழுந்தா எல்லாரும் ஒண்ணாப் போயிருவோம் தாயி. அப்புறம் யாருக்கு என்ன கவலை? நீ சாப்பிடு."

மகள் சமாதானமாகிவிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்தப் பதில் தப்பு என்று எனக்குத் தெரியும். 2006-ல் பெங்களூரில் வேலை பார்த்தபோது, ஒரு ராத்திரி ரூமில் தனியாக உட்கார்ந்து 'த்ரெட்ஸ்' என்கிற பழைய பிரிட்டிஷ் டிவி படத்தைப் பார்த்ததிலிருந்து தெரியும். அன்றைக்கு விடிகாலையில் வாசலில் பால் பாக்கெட் விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பால் வந்துவிட்டதே என்று!

ஒரு படம் ஒரு மனுஷனை இத்தனை வருஷம் விடாமல் துரத்துவது எப்படி? அந்தப் படத்தையும் அதன் கூட்டாளிப் படங்களையும் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

ஸ்கைலாப் கோழி

முதலில் அம்மாவின் பதில் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1979 ஜூலை. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம், சுமார் 77 டன் எடை, கட்டுப்பாட்டை இழந்து பூமியில் விழப்போகிறது என்று செய்தி. எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் உலகமே முடியப்போகிறது என்று நம்பி, வளர்த்த ஆடு கோழியை எல்லாம் அடித்துச் சாப்பிட்டார்கள். இன்றைக்கு அறுபது வயசைத் தாண்டிய யாரையாவது கேட்டுப்பாருங்கள், ஒரு கதை வைத்திருப்பார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில், அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்தார் அம்மா. என் அப்பத்தா, நாள் தவறாமல் முட்டையிட்ட கோழியை அடித்துக் குழம்பு வைத்து எல்லோருக்கும் பரிமாறினாராம். ஜூலை 11-ம் தேதி ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "மறுநாள் முட்டைக்குத்தான் வழியில்லாமப் போச்சு" என்று அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

உலகம் முடிவதைப் பற்றி நம் மனதில் இருக்கும் சித்திரம் இதுதான். ஒரே நொடி, எல்லாரும் சேர்ந்து போய்விடுவோம், மறுநாள் என்று ஒன்று கிடையாது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு ஆறுதல்கூட இருக்கிறது.

கடைசி நொடியில் நிற்கும் குண்டு

நம் சினிமாவும் இந்தச் சித்திரத்தை மாற்றவில்லை. 1986-ல் வந்த 'விக்ரம்', சுஜாதா எழுதியது. அக்னிபுத்ரா என்ற ஏவுகணையைக் கடத்திவிடுவார்கள், அதை மீட்பது கமலின் வேலை. 2013-ல் 'விஸ்வரூபம்'. நியூயார்க்கில் சீசியம் கலந்த கதிரியக்கக் குண்டு. கடைசியில் ஒரு மைக்ரோவேவ் அவன் உதவியால் அது வெடிக்காமல் தடுக்கப்படும். (அலைபேசி சிக்னலை உலோகப் பெட்டி தடுக்கும் என்ற அளவில் அறிவியலும் கொஞ்சம் உண்டு.) இரண்டையும் நான் ரசித்துப் பார்த்தவன். குறை சொல்லவில்லை. இந்த வகைப் படத்தில் குண்டு என்பது நாயகன் நிறுத்துவதற்காக வைக்கப்பட்ட ஒன்று. நின்றதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள், நாமும் பைக் ஸ்டாண்டுக்குப் போய்விடுவோம்.

நான் சொல்லவரும் படங்களில் குண்டு பாதியிலேயே விழுந்துவிடும். படம் நிற்காது. அதற்கப்புறமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்று படங்கள்

முதலாவது 'த வார் கேம்'. 1965-ல் பீட்டர் வாட்கின்ஸ் பிபிசிக்காக எடுத்தது, 50 நிமிஷத்துக்கும் குறைவு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன நடக்கும் என்பதைச் செய்திப்படம் மாதிரியே காட்டியது. நடித்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். ஒளிபரப்ப முடியாத அளவுக்குக் கொடூரமாக இருக்கிறது என்று பிபிசியே அதை நிறுத்திவைத்தது. தியேட்டர் வழியாக வெளியே வந்து, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. நடந்ததைப் பதிவுசெய்த படமே இல்லை, இருந்தும் ஆவணப்பட விருது! பிரிட்டிஷ் டிவியில் அதைக் காட்டியது 1985-ல், இருபது வருஷம் கழித்து.

இரண்டாவது 'த டே ஆஃப்டர்'. 1983 நவம்பர் 20, அமெரிக்காவின் ஏபிசி டிவி, இயக்கம் நிக்கோலஸ் மேயர். ஒரே ராத்திரியில் சுமார் 10 கோடி பேர் பார்த்தார்கள். கதை நடப்பது கன்சாஸ் சிட்டியிலும் பக்கத்தில் இருக்கும் லாரன்ஸ் என்ற சிறிய ஊரிலும். அதில் ஒரு காட்சி. தோட்டம் துரவுக்குப் பின்னால் நிலத்தடியில் வைத்திருந்த ஏவுகணைகள் புகையோடு மேலே கிளம்புகின்றன. மைதானத்தில் இருக்கும் ஜனங்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். கிளம்பியது அவர்கள் நாட்டு ஏவுகணை. அப்படியென்றால் எதிரியின் ஏவுகணையும் வந்துகொண்டிருக்கிறது, அரை மணி நேரம்கூட இல்லை என்று அவர்களுக்குப் புரிகிறது. யாரும் கத்துவதில்லை. குண்டு விழுந்த பிறகு படம் முடியும்வரை ஏபிசி ஒரு விளம்பரம்கூடப் போடவில்லை.

மூன்றாவதுதான் 'த்ரெட்ஸ்'. 1984 செப்டம்பர் 23, பிபிசி. எழுதியவர் பேரி ஹைன்ஸ், இயக்கியவர் மிக் ஜாக்சன். ஷெஃபீல்டு என்ற இரும்பு உருக்கு ஊர். ரூத், ஜிம்மி என்று ஒரு காதல் ஜோடி. ரூத் கர்ப்பம், கல்யாணத்துக்கு வீடு பார்த்து, சுவருக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பின்னணியில் ரேடியோவில் ஈரான் பக்கம் பதற்றம் என்று செய்தி ஓடுகிறது, யாரும் சரியாகக் கவனிப்பதில்லை. நாம் டிவி ஓடும்போது சாப்பிடுகிற மாதிரிதான். ஒரு வியாழக்கிழமை காலையில் குண்டு விழுகிறது. ஜிம்மி என்ன ஆனான் என்று படம் கடைசிவரை சொல்லவே சொல்லாது. ரூத் பிழைத்துக்கொள்கிறாள். குழந்தை பிறக்கிறது. படம் 13 வருஷம் தள்ளிப் போய், பாதிப் பேச்சை மறந்துவிட்ட ஒரு தலைமுறையைக் காட்டி முடிகிறது.

ஏன் மறக்க முடியவில்லை?

யோசித்ததில் எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று.

ஒன்று, தடுக்க ஆளே கிடையாது. இந்தப் படங்களில் வரும் யாராலும் போரைத் தொடங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பார்க்கிற நாமும் அதே நிலைமையில்தான் இருக்கிறோம்.

இரண்டு, ஊர். லண்டன், நியூயார்க் என்று காட்டியிருந்தால் வேடிக்கை பார்த்திருப்போம். ஷெஃபீல்டு, லாரன்ஸ் எல்லாம் நம் திண்டுக்கல், விருதுநகர் மாதிரி. கடைவீதி, ஆஸ்பத்திரி, முனிசிபாலிட்டி ஆபீஸ். பார்க்கிறவர் மனம் உடனே தன் ஊரை அங்கே வைத்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். 'த்ரெட்ஸ்' என்றால் நூலிழைகள். படம் ஒரு சிலந்தி வலை பின்னுவதில் தொடங்கும். ஒரு நகரத்தில் ஒவ்வொன்றும் இன்னொன்றோடு இழையால் கட்டப்பட்டிருக்கிறது, அந்தக் கட்டுதான் பலம், அதுவேதான் பலவீனம் என்கிறது படம். என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு சர்வர் படுத்தால் அதன் பாரம் அடுத்ததன் மேல் விழும், அதுவும் படுக்கும், பத்து நிமிஷத்தில் மொத்த சிஸ்டமும் காலி. 'த்ரெட்ஸ்' காட்டுவது இதைத்தான். கரண்ட் போனால் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் ஆஸ்பத்திரி போகும். டீசல் போனால் விளைச்சல் போகும். நகராட்சிக் கட்டடத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட அவசரக் குழு ரேடியோவில் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது, அதை நிறைவேற்ற வெளியே ஆள் இல்லை. இடையிடையே வெறும் எழுத்தில் எண்கள் வந்துபோகும். பின்னணி இசையால் அழ வைக்கிற வேலையே கிடையாது.

பயம் சாவைப் பற்றியது இல்லை, மிச்சமிருப்பதைப் பற்றியது. அதனால்தான் படம் முடிந்தும் முடிவதில்லை. மறுநாள் காலையில் பால் பாக்கெட்டைப் பார்த்தாலும் அதன் பின்னால் ஆடும் இழைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

சாதாரண ஜனங்களுக்கு மட்டும் இப்படி இல்லை. அமெரிக்க அதிபர் ரீகன் 'த டே ஆஃப்டர்' படத்தை ஒளிபரப்புக்கு முன்பே, 1983 அக்டோபரில், பார்த்தார். படம் தன்னை மிகவும் மனம் சோர வைத்துவிட்டது என்று டைரியில் எழுதினார். நான்கு வருஷம் கழித்து, 1987 டிசம்பரில், கோர்பச்சேவோடு நடுத்தர தூர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். படத்தால்தான் ஒப்பந்தம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அரசியல் அவ்வளவு எளிது இல்லை. ஆனால் பட்டன் பக்கத்தில் இருந்தவருக்கும் அந்த ராத்திரி சோறு இறங்கியிருக்காது.

சரி, மதுரைக்கு வருவோம்

மகளின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோடன் குண்டு, இன்றைய கணக்கில் சின்னது. வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.6 கிலோமீட்டருக்குள் இருந்த கட்டடங்கள் அநேகமாக எல்லாமே தரைமட்டம். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்தால், நான்கு மாசி வீதிகளும் பெரியார் பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஜங்ஷனும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். வைகைக்கு வடகரையில் இருக்கும் பெரியாஸ்பத்திரி வட்டத்தின் ஓரத்துக்கு வரும். ஹிரோஷிமாவில் இருந்த சுமார் 300 டாக்டர்களில் 270 பேர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள். அம்மா சொன்னபடி ஒண்ணாகப் போகிறவர்கள் வட்டத்துக்குள் இருக்கிறவர்கள் மட்டும்தான். திருமங்கலத்திலும் மேலூரிலும் இருக்கிறவர்கள் நடந்து வருவார்கள், ஆஸ்பத்திரியைத் தேடி.

இதைவிட என்னை உலுக்கியது வேறொரு கணக்கு. 2019-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அணு ஆயுதப் போரில் இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். கற்பனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட வருஷம் 2025. உடனடிச் சாவு 5 கோடியிலிருந்து 12.5 கோடி வரை. எரியும் நகரங்களின் கரி மேலே ஏறி உலகம் முழுக்கப் பரவும். சூரிய ஒளி 20 முதல் 35 சதவீதம் குறையும், மழை 15 முதல் 30 சதவீதம் குறையும். பழைய நிலைக்குத் திரும்பப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

அதாவது மதுரையில் குண்டே விழ வேண்டாம். மேற்கு மலையில் பெய்கிற மழை 1895-ல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, வைகை அணையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, கால்வாயில் மேலூர் வரை போய் நெல்லாகிறது. நம் ஊரின் இழை அது. ஒரு வருஷம் மழை பொய்த்தாலே வைகையில் கிரிக்கெட் விளையாடுகிறோம். பத்து வருஷம் பொய்த்தால்?

நான் சாப்பிட்ட மிட்டாய்

1998 மே மாதம் போக்ரான் சோதனை நடந்தபோது எனக்கு 17 வயசு. தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். கலாம் பக்கத்து மாவட்டத்துக்காரர் என்ற பெருமை வேறு. நானும் வாங்கிச் சாப்பிட்டேன், கை தட்டினேன். அந்தப் பெருமை பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மிட்டாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை. ஆனந்த் பட்வர்தன் அந்தச் சோதனைகளைப் பற்றி எடுத்த 'ஜங் அவுர் அமன்' ஆவணப்படம் 2002-ல் வந்தது. தணிக்கை வாரியம் 21 வெட்டு கேட்டது. 2003-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் வெட்டில்லாமல் காட்டலாம் என்றது. நான் அதைப் பார்த்தது பல வருஷம் கழித்து.

இன்னொன்றும் இந்தத் தேடலில்தான் தெரிந்தது. 1962 செப்டம்பரில் ராஜாஜி தன் 83-ம் வயதில் வாஷிங்டன் போய், அதிபர் கென்னடியை நேரில் பார்த்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி வந்து உலகம் விளிம்புக்குப் போய் நின்றது. மதுரைப் பெரியாஸ்பத்திரியின் முழுப்பெயர் அரசு இராஜாஜி மருத்துவமனை. ஆயிரம் தடவை அந்த வாசலைக் கடந்திருக்கிறேன்.

2025 மே மாதம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தம்பி எழுதினான்: "ஒரே போடாப் போட்டு முடிச்சிரணும்." ஏகப்பட்ட கைதட்டல். நானும் அவன் வயசில் அதைத்தான் சொல்லியிருப்பேன். முடியாது தம்பி. 'முடிச்சிரலாம்' என்கிற அந்த ஒரு சொல்லைத்தான் இந்தப் படங்கள் உடைத்துக் காட்டுகின்றன.

மகளுக்கு 'த்ரெட்ஸ்' காட்டும் வயசு இன்னும் வரவில்லை. சண்டை நின்ற பிறகு ஒரு நாள், அவளுக்குக் கோழிக் கதையைச் சொன்னேன். அப்புறம் மழைக் கணக்கைச் சொன்னேன். எல்லாரும் ஒண்ணாப் போக மாட்டோம், நிறையப் பேர் இருப்போம், அதனால்தான் அது நடக்கவே கூடாது என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப மிச்சமிருக்கிறவனுக்கு யாரு சோறு போடுவா?" என்றார்.

அந்தப் படங்கள் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான் அம்மா என்றேன்.