நீர் சுழற்றிய சக்கரமும் ஓய்வு காத்த உயிர்களும்

நம் இல்லங்களில் தண்ணீர் நிறைந்து நிற்கும் செப்புக் குடமும், விடியற்காலையில் நம்மைத் திருப்பலிக்கு அழைக்கும் கோயில் மணியின் வெண்கலமும் எம்மலையின் வயிற்றிலிருந்து வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், தூத்துக்குடி மக்களாகிய நமக்குச் செம்பு வெறும் உலோகமன்று. கடல் கடந்து வந்த செம்புத் தாது நம் துறைமுகத்தில் இறங்கிய காலமும், 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் நம்மவர் உயிர் நீத்த துயரமும், அதன்பின் உருக்காலை மூடப்பட்டதும் நம் நெஞ்சை விட்டு அகலாதவை. செம்பு மனிதருக்கு என்ன கொடுக்கிறது, அவர்களிடம் என்ன கேட்கிறது என்பதற்குப் பழஞ்சான்று ஒன்று சுவீடன் நாட்டின் ஃபாலூன் நகரில் உள்ளது.

அங்குள்ள செம்புச் சுரங்கத்தைப் பற்றிக் கிடைக்கும் முதல் ஆவணம் 1288ஆம் ஆண்டுக்குரியது. அந்நாடு கத்தோலிக்க நாடாயிருந்த காலம் அது. சுரங்கத்தின் எட்டில் ஒரு பங்கு வெஸ்டெரோஸ் ஆயர் பேதுருவுக்கு உரியதாவதை அவ்வாவணம் கூறுகிறது. பிற்காலத்தில் அச்சுரங்கத்தின் செல்வம் உச்சத்தை எட்டியது. 1650ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,000 டன் செம்பு கிடைத்தது. ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரு பங்கை இந்த ஒரு மலையே வழங்கிய காலமும் உண்டு.

இவ்வளவு செம்பையும் எடுக்கத் தடையாய் நின்றது தண்ணீர். தோண்டத் தோண்ட ஊற்று நீரும் மழை நீரும் குழியை நிரப்பின. நம் தோட்டங்களில் மாடு பூட்டிக் கமலை இறைத்ததுபோல், அங்கே குதிரைகள் சுற்றிச் சுற்றி நடந்து நீரையும் தாதுவையும் மேலேற்றின. எருதின் தோலை முறுக்கியே அதற்கான வடங்களைத் திரித்தனர். ஆழம் மிக, விலங்கின் வலிமை போதாததாயிற்று. அப்போது மனிதன், தன்னை மூழ்கடிக்க வந்த நீரை வெளியேற்ற நீரையே வேலைக்கு அமர்த்தினான்.

சுற்றிலுமுள்ள ஏரிகளுக்கு அணை கட்டி, கால்வாய் வெட்டி, நீரைக் கொணர்ந்து பெரும் மரச்சக்கரத்தின்மேல் விழச் செய்தனர். சக்கரத்தின் விளிம்பிலுள்ள அறைகளில் நீர் நிறைய, அதன் பளுவால் சக்கரம் சுழன்றது. அச்சில் பொருத்திய வளைகம்பி அச்சுழற்சியை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றியது. ஒன்றோடொன்று பிணைத்த மரச்சட்டங்கள் அவ்வசைவை மலைச்சரிவின் வழியே சுரங்கவாய்வரை கொண்டு சென்றன. அங்கே இறைகுழாய்கள் ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கெனப் படிப்படியாக நீரை மேலேற்றின.

இக்கலையில் வல்லவராய் விளங்கியவர் கிறிஸ்டோபர் போல்ஹெம் (1661–1751). சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பண்ணை வேலை செய்து வளர்ந்தவர் அவர். உப்சாலாப் பேராலயத்தில் துறவி ஒருவர் முற்காலத்தில் அமைத்த வானியற் கடிகாரம் பழுதுற்றுக் கிடந்தது. அதனை மீண்டும் ஓடச் செய்ததே இவருக்குப் புகழ் தந்தது. 1690களில் இவர் ஃபாலூனில் அமைத்த பொறியில் வடமே இல்லை. கொக்கிகள் பொருத்திய மரச்சட்டங்கள் ஏறியும் இறங்கியும் தாதுப் பீப்பாய்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுவந்தன.

மனிதனின் சுமை குறைந்தது. ஆனால் ஆசை குறையவில்லை. நீரை இறைக்க முடிந்ததால் மேலும் ஆழமாய்த் தோண்டினர். திட்டமின்றிக் குடைந்தமையால், பக்கத்துப் பக்கத்துக் குழிகளிடையே நின்ற பாறைச்சுவர்கள் மெலிந்தன. தாதுவை வறுத்த கந்தகப் புகையால் சுற்றுப்புறத்தில் பசுமை கருகியது. 1734இல் அங்குச் சென்ற தாவரவியல் மேதை லின்னேயஸ், அச்சுரங்கத்தை நரகத்துக்கு ஒப்பிட்டு எழுதினார்.

அதற்கு முன்பே மலை தன் கணக்கைத் தீர்த்துவிட்டது. 1687ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் சுவர்கள் தகர்ந்து, குழிகள் யாவும் ஒரே பெரும் பள்ளமாயின. இன்றும் அப்பள்ளம் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்துடன் வாய் பிளந்து நிற்கிறது. வேலை நாளாயிருந்தால் நூற்றுக்கணக்கானோர் மண்ணுள் புதைந்திருப்பர். ஆனால் ஒருவரும் இறக்கவில்லை. புனித ஸ்நாபக அருளப்பர் திருநாளையொட்டிய கோடை விடுமுறை அது. சுரங்கம் ஓய்ந்திருந்த மிகச் சில நாட்களுள் ஒன்று. எந்தப் பொறியும் காக்க முடியாத உயிர்களை ஒரு திருநாளின் ஓய்வு காத்தது!

1992ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அச்சுரங்கம் மூடப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அணைகளும் ஏரிகளும் கால்வாய்களும் சக்கர மனையும் இன்று ஆய்வாளருக்கும் பயணிகளுக்கும் காட்சிப்பொருள்கள். பெருஞ்செல்வம் போயிற்று, நீர் ஓடிய தடம் நிற்கிறது.

இக்கதை நமக்கு அயலானதன்று. நம் முன்னோர் முத்துக் குளித்த காலத்தில், பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்ததை அறிந்த பின்னரே சலாபம் நடந்தது. இடையில் பல ஆண்டுகள் கடல் ஓய்ந்திருந்தது. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததே தூத்துக்குடியின் கடைசிச் சலாபம். பின்னர் முத்துப்பார்கள் பழைய வளத்துக்குத் திரும்பவே இல்லை. நிலத்துக்கும் ஏழாம் ஆண்டில் ஓய்வு தரச் சொல்லும் லேவியராகமத்தின் கட்டளை, கடலுக்கும் மலைக்கும் பொருந்தும் அன்றோ?

ஞாயிறன்று நம் கரையூர்களில் வள்ளங்கள் கரையேறி நிற்பதைக் காணும்போது, 'ஒரு நாள் வருமானம் போகிறதே' என்று இளைஞர் சிலர் முணுமுணுக்கின்றனர். கடன் சுமையும் டீசல் விலையும் அவர்களை அவ்வாறு பேச வைக்கின்றன. அவர்கள் துன்பத்தை நாம் அறிவோம். ஆயினும், ஓய்வு நாள் வருமானத்தைப் பறிக்க வந்ததன்று. வருமானம் மனிதனை விழுங்காதபடி காக்க ஆண்டவர் எழுப்பிய சுவர் அது. அந்தச் சுவரை நாமே மெலியச் செய்யலாகாது. உப்பளத்திலும் கடையிலும் வீட்டிலும் நமக்காக உழைப்போருக்கும் அந்நாளை மனமுவந்து அளிப்போம். அடுப்படியில் ஓயாமல் நிற்கும் நம் தாய்மாரையும் அப்போது மறவாதிருப்போம்.