வயலின் செய்வோர் ஊர் பெயர்ந்த கதை

ஐரோப்பாவில், போஹீமியாவின் மேற்கெல்லையில் ஷோன்பாக் என்றொரு சிற்றூர் இருந்தது. இன்று செக் குடியரசில் லூபி எனப்படுவது அதுவே. எமக்கு வயலும் தோட்டமும் எப்படியோ, அவ்வூரவருக்கு வயலின் செய்வது அப்படி. வீடே பட்டறை, தலைமுறை தலைமுறையாக அதுவே சீவனோபாயம்.

வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம். அடிப்பலகையும் பக்கங்களும் மேப்பிள் மரம். அறுத்த பலகையை ஆண்டுக்கணக்கில் நிழலில் காயவிட வேண்டும். பின்னர் உளியால் குடைந்து, பெருவிரல் அளவேயான சீவுளியால் சீவிச் சீவி, மேற்பலகையை 3 மில்லிமீற்றர் அளவுக்குக் கொண்டுவருவர். இடையிடையே விரலால் தட்டி ஓசை கேட்பர். பக்கப்பலகையோ 1 மில்லிமீற்றர்தான். அதை நனைத்துச் சூடான இரும்பில் வளைப்பர். ஒட்டுவது வச்சிரத்தால். பிற்காலத்தில் வெடிப்பு வந்தால் பலகையைச் சேதமின்றிக் கழற்ற வச்சிரம் இடங்கொடுக்கும். உள்ளே ஒரு சிறு மரக்குச்சி, பசையின்றி, மேலுக்கும் கீழுக்கும் இடையே இறுகி நிற்கும். இதற்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் 'ஆன்மா'. பொருத்தமான பெயர்தான், அது சற்று விலகினாலும் நாதம் கெட்டுவிடும்.

ஷோன்பாக்கில் இவ்வளவையும் ஒரே ஆள் செய்வது குறைவு. ஒரு வீட்டார் கழுத்தையும் சுருளையும் செதுக்குவர். இன்னொரு வீட்டார் பெட்டியைப் பொருத்துவர். வேறொருவர் வில் செய்வார். அயலவர் இல்லாவிட்டால் ஒருவரது கைத்திறன் பாதிக்குத்தான் உதவும்.

இவர்கள் பேசியது ஜேர்மன் மொழி. 1938இல் ஹிட்லர் இப்பகுதியை ஜேர்மனியுடன் இணைத்தார். 1945இல் யுத்தம் முடிந்ததும் செக்கோசிலோவாக்கிய அரசு அங்கிருந்த ஜேர்மன் மக்களைப் பெரும்பாலும் ஊர் ஊராகவே வெளியேற்றியது. ஆளுக்கு ஏறக்குறைய 50 கிலோ பொதிதான். சீவுளியும் உளியும் அதற்குள் அடங்கும். தகப்பன் காலத்தில் அறுத்துக் காயவைத்த பலகை அடங்குமா? விதைநெல்லை விட்டு வந்தவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

பவேரியாவுக்கு வந்தவர்கள் பல கிராமங்களில் சிதறிப்போயினர். சுருள் செதுக்குபவர் ஓரிடம், பெட்டி பொருத்துபவர் வேறிடம். தனித்தனியே நிவாரணம் கொடுத்து இத்தொழிலைக் காப்பாற்ற முடியாது. தொழிலாளரை ஒன்றாகவே குடியமர்த்த வேண்டியிருந்தது. 1949இல் ஏர்லாங்கன் நகருக்கு அருகிலுள்ள பூபன்ரொயிற் கிராமசபை இதற்கு இணங்கியது. கமத்தொழில் செய்யும் சுமார் 400 பேரே அங்கு அப்போது இருந்தனர். தம்மிலும் பன்மடங்கானோரை ஏற்பது இலேசான தீர்மானமன்று. ஆயினும் அதே ஆண்டில் வீடுகளுக்கு அத்திவாரம் இடப்பட்டது.

ஷோன்பாக்கில் 1887இல் தொடங்கிய ஹொஃப்னர் நிறுவனமும் அங்கே வந்து சேர்ந்தது. பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பர்க்கில் வாங்கிய, வயலின் வடிவான பேஸ் கிற்றார் இந்நிறுவனத்தாரின் வேலையே.

லூபியிலும் தொழில் அற்றுப்போகவில்லை. தேவை கருதிப் போகவிடாமல் நிறுத்தப்பட்ட சில கைவினைஞரோடு அங்கும் வயலின் வேலை தொடர்ந்தது.