விளையாட்டுச் சிகிச்சை: முதல் நாள் போகும் முன்

"பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று கூட்டிப் போனால், ஓர் அறைக்குள் விட்டு விளையாட வைக்கிறார்கள். இதற்கா பஸ் ஏறிக் கண்டிக்குப் போவது? வீட்டில் விளையாட இடமில்லையா?"

எங்கள் ஊரில் ஓர் உம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. விளையாட்டுச் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டால் எவருக்கும் முதலில் இதுதான் தோன்றும்.

பெரியவர்களுக்கு நெஞ்சில் பாரம் என்றால் பேசுவோம், அழுவோம், தொழுகைப் பாயில் அமர்ந்து துஆக் கேட்போம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் பாரத்துக்குப் பெயர் தெரியாது. அது வயிற்று வலியாக வரும், படுக்கையில் சிறுநீராக வரும், பாடசாலைக்குப் போகமாட்டேன் என்ற அடமாக வரும். ஆனால் அதே பிள்ளையிடம் நாலு சிரட்டையும் கொஞ்சம் மண்ணும் கொடுத்தால் சோறாக்கும், சண்டை பிடிக்கும், பொம்மைக்கு ஏசும். வீட்டில் நடப்பதெல்லாம் அந்த மண் வீட்டிலும் நடக்கும். பயிற்சி பெற்ற ஒருவர் அதைக் கவனித்து, பிள்ளையின் மொழியிலேயே மறுமொழி சொல்வதுதான் விளையாட்டுச் சிகிச்சை. பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வரையான பிள்ளைகளுக்கு இது செய்யப்படுகிறது.

அபூ உமைர் என்ற சிறுவனின் செய்தியை மத்ரஸாவில் படித்திருப்பீர்கள். அவன் வளர்த்த சின்னக் குருவி இறந்துபோனது. அவன் வாடியிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவனைப் பெரிய மனிதரை அழைப்பது போல் அழைத்து, அந்தக் குருவியைப் பற்றியே அவனிடம் விசாரித்தார்கள். குருவிதானே, விடு என்று சொல்லவில்லை. பிள்ளையின் கவலை பிள்ளையின் அளவில் பெரியது என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

மேற்கில் இது ஒரு துறையாக வளர்ந்தது சென்ற நூற்றாண்டில். மாகரெட் லோவன்ஃபெல்ட் என்ற பெண் வைத்தியர் 1928இல் லண்டனில் சிறுவர் கிளினிக் ஒன்றை ஆரம்பித்தார். ஒரு தட்டில் மணலும், பெட்டி நிறையச் சின்னச் சின்ன உருவங்களும் வைத்தார். பிள்ளைகள் அந்த மணலில் தாங்கள் வாழும் உலகத்தையே கட்டினார்கள். அமெரிக்காவின் வேர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் எழுதிய நூலில், பிள்ளையை நாம் வழிநடத்தக் கூடாது, பிள்ளைதான் வழிகாட்ட வேண்டும் என்ற முறையை விளக்கினார். இன்று பல இடங்களில் நடப்பது அந்த வழிதான்.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உதாரணம் மட்டக்களப்பில் இருக்கிறது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அயலில் வாழ்ந்த இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பயந்து வளர்ந்த காலம் அது. 1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும், உளவளத்துணையில் அனுபவமுள்ள போல் சற்குணநாயகம் அடிகளாரும் அங்கே வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவை ஆரம்பித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி ஒரே தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். களிமண் பிசைவது, படம் வரைவது, கதை கட்டுவது, நாடகம் நடிப்பது, பிராணிகளைப் பராமரிப்பது, இவைதான் அங்கே வேலை. நான் கீழே சொல்லப்போகும் அறைச் சிகிச்சையும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் நம்பியது ஒன்றைத்தான்: யாரும் துருவிக் கேட்காத இடத்தில், பிள்ளை தானாகவே சொல்லத் தொடங்கும்.

இனி, போனால் என்ன நடக்கும் என்பது. இதை என் ராத்தாவின் மகனோடு போய் வந்த அனுபவத்தில் எழுதுகிறேன். ராத்தாவின் சம்மதத்தோடுதான். மச்சான் திடீரென்று மௌத்தானபோது மகனுக்கு ஆறு வயது. ராத்தா இத்தாவில் இருந்ததால், முதல் மாதங்களில் சாச்சியான நான்தான் கூட்டிப் போனேன்.

முதல் நாள் பிள்ளையை அழைக்கவில்லை. பெரியவர்களோடுதான் பேச்சு. பிள்ளை பிறந்தது எப்படி, நடந்தது எப்போது, தூக்கம், சாப்பாடு, வீட்டில் யார் யார், எதற்குப் பயம் என்று ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். ராத்தாவோடு தொலைபேசியிலும் பேசினார்கள். இதில் எதையும் மறைக்காமல் சொல்வது நல்லது. குடும்ப மானம் போய்விடும் என்று நினைத்து, கடனையும் சண்டையையும் மறைத்தால் அவர்களுக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும்.

பிள்ளைக்கு என்ன சொல்லிக் கூட்டிப் போவது? "ஊசி போட மாட்டார்கள். அங்கே ஒரு மிஸ் இருக்கிறார். பிள்ளைகள் விளையாடலாம், பேச விருப்பமென்றால் பேசலாம்." இவ்வளவு போதும். "நீ குழப்படி, அதனால்தான் கூட்டிப் போகிறோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அறையில் விலையுயர்ந்த சாமான் எதுவும் இல்லை. மணல் தட்டு, உம்மா வாப்பா பிள்ளைகள் என ஒரு பொம்மைக் குடும்பம், சட்டி பானை, டொக்டர் சாமான், லொறி, காட்டு மிருகங்கள், களிமண், நிறங்கள். கிழமைக்கு ஒருநாள், அதே நேரம், அதே அறை, ஏறக்குறைய முக்கால் மணித்தியாலம். இந்த ஒழுங்கு முக்கியம். வாழ்க்கை கவிழ்ந்துபோன பிள்ளைக்கு, மாறாமல் இருக்கும் ஒன்று அந்த அறை. சட்டங்கள் கொஞ்சம்தான்: தனக்கோ மிஸ்ஸுக்கோ நோவு வரக் கூடாது, சாமான்களை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நேரம் முடிந்தால் முடிந்தது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுவார்கள்.

மிஸ் பாடம் நடத்துவதில்லை. "அழகாக இருக்கிறது" என்றுகூடச் சொல்வதில்லை; சொன்னால் பிள்ளை அவரைச் சந்தோஷப்படுத்தவே வரைய ஆரம்பித்துவிடும். "அந்த லொறியை ஆழமாகப் புதைக்கிறீர்கள்" என்று கண்டதைச் சொல்வார். பெற்றாருக்கு இதைப் பார்த்தால் ஒன்றுமே செய்யாதது போலத் தோன்றும்.

எங்கள் பிள்ளை கிழமைக்குக் கிழமை ஒரே விளையாட்டுத்தான். லொறியை மணலில் ஒளித்துவிட்டு மிஸ்ஸைத் தேடச் சொல்வான். அவர் எங்கே தோண்டினாலும் "அங்கே இல்லை, கொழும்பிலே" என்பான். ஜனாஸா அன்று அவனைப் பக்கத்து வீட்டில் விட்டு, "வாப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளை தாங்காது என்ற இரக்கத்தில் சொன்னது. அவனோ மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தான்.

மிஸ் எங்களிடம் சொன்னது, அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கள், சொல்வது உம்மாவாக இருக்கட்டும், சின்ன வார்த்தைகளில் சொல்லுங்கள் என்பதுதான். தூங்குகிறார், பயணம் போயிருக்கிறார் போன்ற சொற்கள் வேண்டாம் என்றார். தூங்கினால் தானும் எழும்பமாட்டேனோ என்று பிள்ளை பயப்படும். ராத்தா அவனை மடியில் வைத்து, வாப்பாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, அல்லாஹ்விடம் போய்விட்டார், திரும்பி வரமாட்டார் என்று சொன்னா. அடுத்த இரண்டு கிழமை அவன் முன்னையைவிட மோசம். அடித்தான், சாப்பிட மறுத்தான். சிகிச்சை பிழைத்துவிட்டது என்று நிறுத்திவிடச் சொன்னவர்களும் இருந்தார்கள். அடக்கியது வெளியே வரும்போது இப்படி நடக்கக்கூடும் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்ததால் தொடர்ந்தோம். பிறகு ஒருநாள் கபுரடிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டான். மாமாவோடு போய் வந்தான்.

அறையில் நடந்த எல்லாவற்றையும் பெற்றாருக்குச் சொல்லமாட்டார்கள். பொதுவாக எப்படி இருக்கிறான், வீட்டில் என்ன செய்யலாம் என்பதை இடைக்கிடை பேசுவார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நிலைமை வேறு. அதை மறைத்து வைக்க அவர்களால் முடியாது. வரும் வழியில் பஸ்ஸில் வைத்து "என்ன விளையாடினாய், மிஸ் என்ன கேட்டார்" என்று விசாரிக்க வேண்டாம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

எத்தனை நாள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போதும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 93 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது இந்தச் சிகிச்சையால் நல்ல பலன் இருப்பதைக் கண்டார்கள். பெற்றாரே பயிற்சி பெற்றுப் பங்கெடுத்த இடங்களில் பலன் இன்னும் கூடுதல். கிழமைக்கு ஒருநாள் அரை மணித்தியாலம், போனை ஒதுக்கிவைத்து, பிள்ளை சொல்கிறபடி கூட விளையாடுவது. திருத்துவதில்லை, ஏசுவதில்லை, பாடம் சொல்வதில்லை. கேட்க இலேசு. புலமைப்பரிசில் பரீட்சை கிட்டவரும் வீட்டில் செய்து பாருங்கள், தெரியும்.

பெரியவர்களுக்கும் இது உண்டு. மணல் தட்டும் உருவங்களும் பெரியவர்களோடும் பயன்படுத்தப்படுகின்றன. முதலில் வெட்கமாக இருக்கும். இந்த வயதில் பொம்மையா என்று கை நீளாது. யாரும் வற்புறுத்தமாட்டார்கள். வாயால் சொல்ல வராத இழப்பை, ஒரு சின்ன வீட்டையும் அதற்கு வெளியே தனியே நிற்கும் ஒரு பெண் உருவத்தையும் வைத்துக் காட்டிவிடலாம். கணவனையோ மகனையோ வெளிநாட்டில் விட்டுவிட்டு வீட்டுச் சுமை முழுவதையும் வாய் திறவாமல் தூக்கும் உம்மாமார் நம்மிடையே எத்தனை பேர்!

ஓதிப் பார்ப்பவரிடம் போவதா, கிளினிக்குக்குப் போவதா என்று கேட்பவர்களும் உண்டு. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. காய்ச்சலுக்கு ஓதிவிட்டு டொக்டரிடமும் போகிறோமே. உளநலக் கிளினிக்கின் வாசலில் நின்றால் "பைத்தியம்" என்று பெயர் வந்துவிடும், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது கேட்பார்கள் என்ற பயம்தான் உண்மையான தடை. ஆறு வயதுப் பிள்ளையின் தூக்கத்தைவிட அந்தப் பயம் பெரிதல்ல என்பது என் அபிப்பிராயம்.

மாத்தளையில் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கில் முதலில் விசாரியுங்கள். தேவையென்றால் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்துக்குத் துண்டு தருவார்கள். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. எல்லா இடத்திலும் தனி அறை இருக்காது. ஒரு மேசையும் ஒரு கூடைச் சாமானும் இருந்தாலும் வேலை நடக்கும். அவசரமாகப் பேச வேண்டுமென்றால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கமும், பிள்ளைக்கு எவராலும் துன்பம் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கமும் இருக்கின்றன. நாள் குறிக்கும்போதே, தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணலில் விளையாட மொழி தேவையில்லைதான். ஆனால் "அங்கே இல்லை, கொழும்பிலே" என்று பிள்ளை சொல்லும்போது, அது காதில் விழுந்து புரிய ஓர் ஆள் வேண்டும்.