கடல் கண்ணாடியில் நகை: கல்லை மாற்றாமல் டிசைன் செய்வது எப்படி?

கடல் கண்ணாடி என்பது பழைய பாட்டில் சில்லுதான். உடைந்த கண்ணாடி கடலில் விழுந்து, பல பத்தாண்டுகள் அலையிலும் கூழாங்கல்லிலும் உருண்டு, கூர் எல்லாம் மழுங்கி, மேலே பனி படிந்த மாதிரி மங்கலாகிக் கரை ஒதுங்கும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதைப் பொறுக்கி, வெள்ளியில் கட்டி, பதக்கம், தோடு, மோதிரம் என்று கையாலேயே செய்து விற்கிறவர்கள் நிறைய பேர்.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு டிசைன் சிக்கல். வைரமோ கெம்போ, பட்டை தீட்டினால்தான் அழகு. கடல் கண்ணாடியைப் பட்டை தீட்டினால் அது பழையபடி பாட்டில் சில்லாகிவிடும். அதன் மதிப்பு முழுக்க மேல்தோலில் இருக்கிறது. அப்போ வடிவமைக்கிறவருக்கு என்ன வேலை மிச்சம்? சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், இன்புட் ரீட்-ஒன்லி. அதைத் தொடாமல் அதைச் சுற்றி எழுத வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து மற்ற எல்லா முடிவும் எப்படி வருகிறது என்று பார்க்கலாம்.

கண்ணாடி எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்துக்குத் தெற்கே, வட கடலை ஒட்டி சீஹாம் என்று ஒரு சின்ன ஊர். ஜான் கேண்டிலிஷ் என்பவர் 1853-ல் இங்கே லண்டன்டெரி பாட்டில் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1921 வரை ஓடியது. உடைந்த பாட்டில், மிச்சமான கண்ணாடிக் குழம்பு எல்லாம் கடலுக்குத்தான் போனது. ஆலை மூடி நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கழிவு இன்னும் கரை ஒதுங்குகிறது. (ஒரு கொசுறு: கவிஞர் பைரனுக்கும் அனபெல்லாவுக்கும் 1815 ஜனவரியில் கல்யாணம் நடந்தது இதே ஊரின் சீஹாம் ஹாலில்தான். அவர்கள் மகள் ஏடா லவ்லேஸ். நம்ம தொழில்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம்.)

அமெரிக்காவில் பெயர்பெற்ற இடம் கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக். அங்கே 1906 முதல் 1967 வரை ஊர்க் குப்பையைக் கடலோரத்தில் கொட்டினார்கள். உலோகத்தைப் பின்னால் அகற்றினார்கள், கண்ணாடி தங்கிவிட்டது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டிசைனுக்கு முக்கியம். ஆலைக் கழிவில் கட்டி கட்டியான கண்ணாடி இருக்கும். அது உருண்டால் கோலிக்குண்டு மாதிரி, புளியங்கொட்டை மாதிரி தடிமனாக வரும். சீஹாம் பக்கம் ஒரே துண்டில் இரண்டு மூன்று நிறம் கலந்தவைகூட உண்டு, சேகரிப்பவர்கள் ‘மல்டி’ என்பார்கள். வீட்டுக் குப்பையில் வருவது பாட்டிலின் சுவர். அது மெலிசாக, லேசான வளைவோடு இருக்கும். முன்னதற்கு மோதிரமும் பதக்கமும் பொருந்தும், பின்னதற்குத் தோடு.

நிறமும் பழைய வாழ்க்கையைத்தான் சொல்கிறது. பச்சை இரும்பிலிருந்து. பழுப்பு பெரும்பாலும் பீர் பாட்டில். அடர் நீலம் கோபால்ட், மருந்து பாட்டில்களில் அதிகம் வந்தது. சிவப்பு அபூர்வம், ஏனென்றால் பழைய முறையில் அதற்குத் தங்கம்கூடச் சேர்ப்பார்கள். யாரும் சாதாரண பாட்டிலுக்கு அந்தச் செலவு செய்ய மாட்டார்கள். வெளிர் ஊதா ஒரு வேடிக்கை: இரும்பின் பச்சையைப் போக்க மாங்கனீஸ் போட்டுச் செய்த வெள்ளைக் கண்ணாடி, வருஷக்கணக்கில் வெயில் பட்டு ஊதாவாக மாறியது. முதல் உலகப் போர் காலத்தோடு மாங்கனீஸ் பழக்கம் குறைந்தது. அதனால் ஊதாத் துண்டு கிடைத்தால் பெரும்பாலும் அதற்கு நூறு வயது.

மேல்தோல் எப்படி உருவாகிறது?

இரண்டு வேலை சேர்ந்து நடக்கிறது. ஒன்று அடிபடுவது. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, பாட்டில் கண்ணாடி 5.5 பக்கம். மணலும் கல்லும் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கும். இன்னொன்று கரைவது. பாட்டில் கண்ணாடியில் முக்கால் பங்கு சிலிக்கா, மீதி பெரும்பாலும் சோடாவும் சுண்ணாம்பும். தண்ணீரில் ஊறும்போது மேற்பரப்பிலிருந்து சோடியம் மெல்ல வெளியேறும், அந்த இடம் நுண்ணிய குழிகளாக மாறும். முதல் வேலையை மெஷின் செய்யும். இரண்டாவதுக்கு நேரம் மட்டும்தான் மருந்து.

டம்ளர் என்ற உருளையில் சிலிகான் கார்பைடு பொடியோடு கண்ணாடியைப் போட்டுச் சுழற்றினால் சில நாளிலேயே மங்கலான, கூர் மழுங்கிய துண்டு வந்துவிடும். ஆனால் நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் தெரியும். அசலில் பிறை வடிவச் சின்னச் சின்னத் தழும்புகள், ஆங்கில எழுத்து ‘சி’ மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கல் மோதிய இடம். மெஷினில் வந்தது எல்லா இடத்திலும் ஒரே சீராக, உப்புக் காகிதம் தேய்த்த மாதிரி இருக்கும்.

இன்னொரு சோதனையும் இருக்கு, டிசைனுக்கும் உதவும். துண்டை நனைத்துப் பாருங்கள். மங்கல் மறைந்து பாட்டில் கண்ணாடி மாதிரி பளிச்சென்று ஆகும். காய்ந்ததும் திரும்ப வந்துவிடும். காரணம், ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, கண்ணாடிக்கு 1.52. இந்தப் பெரிய இடைவெளியால்தான் கரடுமுரடான பரப்பில் ஒளி சிதறி மங்கலாகத் தெரிகிறது. குழிகளில் தண்ணீர் (1.33) நிரம்பினால் இடைவெளி குறையும், சிதறலும் குறையும். எண்ணெய் கண்ணாடிக்கு இன்னும் நெருக்கம், அது சுலபத்தில் காயவும் காயாது.

இதிலிருந்து ஒரு நேரடி முடிவு: மோதிரத்தில் கை பிசுக்கும், தோட்டில் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயும் ஏறி, மாதக்கணக்கில் அந்த மங்கல் போய்விட்ட மாதிரி தெரியும். உண்மையில் போகவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவினால் திரும்பும். அதனால் கழுவ முடியாத கட்டு (துணி, தோல், பசை) மோதிரத்துக்கு வேண்டாம். அதே காரணத்தால், விற்கும்போது பளபளப்புக்காக எண்ணெய் தடவிக் காட்டுவது கல்லின் முகத்தையே மறைக்கிற வேலை.

எதில் கட்டுவது?

கட்டும் முறைகள் மூன்று. ஒவ்வொன்றும் கல்லிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

*கம்பி சுற்றுவது.* கல்லுக்குச் சேதமே இல்லை. 0.8 மில்லிமீட்டர் வெள்ளி அல்லது செம்புக் கம்பியில் சட்டம், 0.4 கம்பியில் கட்டு. பிரித்தால் கல் அப்படியே கையில் வரும். ஆனால் கம்பி அதிகமானால் கல் கூண்டுக்குள் போன மாதிரி ஆகிவிடும். கல் எங்கே ஒடுங்குகிறது, எங்கே பள்ளம் இருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். கம்பி போக வேண்டிய வழியைக் கல்லே காட்டும். பிடிமானத்துக்குப் போதுமான சுற்று வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

*துளை போடுவது.* எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி. வைரத்துகள் பூசிய பிட் வேண்டும். கல்லைத் தட்டில் வைத்து, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் துளைக்க வேண்டும். முதலில் பிட்டைச் சாய்த்து ஒரு சின்னத் தடம் எடுத்து, பிறகு நிமிர்த்த வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து முழுக்கப் போனால் வெளியே வரும் இடத்தில் செதில் பெயரும். பாதி வந்ததும் திருப்பி மறுபக்கம் ஆரம்பித்து நடுவில் சந்திக்க வேண்டும். தண்ணீர் குளிர்ச்சிக்கும், தூசி பறக்காமல் இருக்கவும். தண்ணீர் பக்கத்தில் கரண்ட் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் கருவி நல்லது. கண்ணாடியும் மாஸ்கும் கட்டாயம்.

துளையின் இடம்தான் இங்கே டிசைன். கல் எப்போதும் எடைமையம் துளைக்கு நேர் கீழே வரும்படி தொங்கும். எனவே துளைக்கும் முன்னால், கொஞ்சம் ஒட்டுக்களிமண்ணில் நூலைப் பதித்து, கல்லின் மேல் விளிம்பில் ஒட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலே சாய்வு மாறும். துளை போட்டபின் அண்டூ கிடையாது.

*வெள்ளிப் பட்டையில் பதிப்பது.* கல்லின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பட்டை வைத்து, மேல் விளிம்பைக் கல்மேல் மடித்து அமுக்குவது. துளை இல்லை, உறுதி அதிகம், மோதிரத்துக்கு இதுதான் சரி. விலை: ஓரம் மறைந்துவிடும். முக்கியமான விதி, கல் உள்ளே இருக்கும்போது நெருப்பு கூடவே கூடாது. பாட்டில் கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரியும், உள்ளே ஏற்கெனவே விரிசல் இருந்தால் பிளக்கும். காகிதத்தில் அளவெடுத்து, பட்டையை வளைத்து, பற்றவைத்து, ஆறவைத்து, மெருகு போட்டு, எல்லாம் முடிந்த பிறகே கல்.

நம்ம ஊர் வைரத்தோட்டில் க்ளோஸ் செட்டிங், ஓபன் செட்டிங் என்று சொல்வோமே, அந்தத் தேர்வு இங்கேயும் வரும். கடல் கண்ணாடி ஒளியைத் திருப்பி அடிக்காது, ஊடே விட்டுப் பரப்பும். பின்பக்கம் மூடினால் நீலமும் அடர்பச்சையும் கறுப்பாகிவிடும். ஆகவே பின்னால் ஜன்னல் வெட்டிய ஓபன் செட்டிங்தான் நல்லது. வெளிர் நிறக் கல்லாக இருந்தால், பின்னால் மெருகேற்றிய வெள்ளித் தகடு இன்னும் வெளிச்சம் கொடுக்கும்.

தோடு ஜோடி என்ற தலைவலி

கடல் ஜோடி ஜோடியாகச் செய்யாது. ஒரே உருவத்தில் இரண்டு தேடினால் வருஷக்கணக்கில் ஆகும். அரம் வைத்துத் தேய்த்து ஒத்துப்போக வைக்கும் ஆசை இங்கேதான் வரும். தேய்த்த இடம் வெறும் கண்ணாடியாகப் பல்லிளிக்கும். நிறமும் தடிமனும் முதலில் ஒத்துப்போகட்டும், உருவம் கடைசி. தடிமன் மாறினால் நிறத்தின் ஆழமே மாறித் தெரியும். ஆனால் காதுக்கும் காதுக்கும் நடுவில் முகம் இருப்பதால் உருவ வித்தியாசத்தை யாரும் அளந்து பார்க்க முடியாது.

எடையும் பார்க்க வேண்டும். கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம். 25 × 18 × 5 மில்லிமீட்டர் துண்டு, மூலைகள் உருண்டது போக, சுமார் 4 கிராம் வரும். அதாவது அரைப் பவுன். வெள்ளியும் சேர்ந்தால் ஒரு காதுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஜிமிக்கிக்கு மாட்டல் போடுகிற மாதிரி இதற்கு யாரும் போடுவதில்லை. பெரிய கல்லைப் பதக்கத்துக்கு விட்டுவிடுவது நல்லது.

அசல் என்று ஏன் பிடிவாதம்?

மெஷினில் மழுக்கிய கண்ணாடியும் பார்க்க அழகுதானே, விலையும் குறைவு, என்ன தப்பு? தப்பே இல்லை, அப்படித்தான் செய்தது என்று சொல்லி விற்றால். உடைந்த பாட்டிலுக்கு நல்ல மறுவாழ்வு அது. அதையே கடலிலிருந்து வந்தது என்று சொல்லும்போதுதான் சிக்கல். நகையில் வாங்குகிறவர் காசு கொடுப்பது கண்ணாடிக்கு இல்லை, அந்தக் காலத்துக்கு. பத்து நாளை நூறு வருஷம் என்று விற்கக் கூடாது.

இன்னொன்று, சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது. ரிச்சர்ட் லமோட் 2004-ல் எழுதிய ‘ப்யூர் சீ கிளாஸ்’ புத்தகம் தன் துணைத்தலைப்பிலேயே இவற்றை மறைந்துவரும் ரத்தினங்கள் என்கிறது. சீஹாம் ஆலை 1921-லேயே நின்றுவிட்டது. பாட்டில்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்காகிவிட்டன. ஃபோர்ட் பிராக்கில் மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் கரையில் பொறுக்கக் கூடாது என்று தடையே இருக்கிறது. புதிதாகக் கடலில் பாட்டில் போடுவது பதில் இல்லை. இந்த அழகு ஒரு கெட்ட பழக்கத்தின் மிச்சம், அந்தப் பழக்கம் போனதே நல்லது. ஆனால் அதனால் கையில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் கடைசிச் சரக்கு. தப்பாகத் துளைத்தால் மாற்று கிடையாது.

வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

1. கல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது? உள்ளே விரிசல் தெரிகிறதா?
2. நூலில் தொங்கவிட்டால் எப்படி நிற்கிறது?
3. துளை இல்லாமல் பிடிக்க வழி இருக்கிறதா?
4. பின்பக்கம் திறந்திருக்கிறதா, கழுவ முடியுமா?
5. இந்தக் கட்டைப் பிரித்தால் கல் பழையபடி கிடைக்குமா?

ஐந்தாவதுக்கு ‘ஆமாம்’ வந்தால் தைரியமாகச் செய்யலாம். நாளைக்கு வேறொருவர் இதைவிட நல்ல டிசைனோடு வந்தால், கல் அவருக்காகக் காத்திருக்கும். எந்தக் கரையில், எந்த வருஷம் பொறுக்கியது என்று ஒரு சீட்டில் எழுதி நகையோடு கொடுத்துவிடுங்கள். அந்தத் தகவல் தொலைந்தால் கல்லிலிருந்து அதை முழுக்க மீட்க முடியாது.