மனநல மாத்திரையும் இடுப்பளவும்

தொம்மலூர் பஸ் நிலையம் பக்கம் பை-டூ டீ சொல்லிவிட்டு நின்றபோது, எங்கள் தெரு அம்மா ஒருவர் தணிந்த குரலில் கேட்டார்: "சார், எங்க பெரியவனுக்குக் காதுல குரல் கேக்குறது நின்னுபோச்சு. ஆனா பசி நிக்க மாட்டேங்குது. பேன்ட் ஒண்ணும் சேரல. மாத்திரையை நிறுத்திடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடங்கிய நோய் திரும்பவும் தலைதூக்கும். ஆனால் பசியைப் பற்றி அந்தத் தாய் கவலைப்பட்டதில் முழு நியாயம் இருக்கிறது.

ஒலான்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகள் மூளையில் ஹிஸ்டமின், செரோட்டோனின் வேலை செய்யும் சில இடங்களை அடைக்கின்றன. அதனால் பசி கூடுகிறது. வயிறு நிறைந்த உணர்வு மங்குகிறது. பையன் மூன்றாவது முறை சோறு கேட்பது கொழுப்பெடுத்து அல்ல. "வாயைக் கட்டுடா" என்று திட்டிப் பயனில்லை. எடை கூடாவிட்டாலும் இந்த மருந்துகள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கக்கூடும். ஆகவே ஒல்லியாக இருப்பவருக்கும் சர்க்கரை வரலாம். எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை. ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் நடுத்தரம். அரிப்பிப்ரசோல், லுராசிடோன் எடையை அவ்வளவாக ஏற்றுவதில்லை.

பழி முழுவதையும் மாத்திரை மேல் போடவும் முடியாது. இந்த வகை மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் 1950களில்தான் வந்தது. அதற்கு வெகு முன்பே, 1879இல், ஹென்றி மாட்ஸ்லி என்ற ஆங்கில மருத்துவர் மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுவதாக எழுதியிருக்கிறார். அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது, தூக்கம் கெடுவது, பீடி சிகரெட் எல்லாம் இதோடு சேர்ந்துகொள்கின்றன. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு இதய நோய் போன்ற உடல் நோய்களுக்கு.

இவை பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கூடியவை. பிறகு ஏன் தவறுகிறது? மனநல மருத்துவர் தூக்கத்தையும் குரலையும் விசாரிப்பார். பொது மருத்துவர் ஃபைலைப் பார்த்ததும் 'அதை அந்த டாக்டர் கவனிப்பார்' என்று நினைப்பார். இருவருக்கும் நடுவே எடை மெஷினும் ரத்தப் பரிசோதனையும் யாருடைய வேலையும் இல்லாமல் போகின்றன. அந்த இடத்தில் வீட்டார்தான் நிற்க வேண்டும்.

என்ன பார்ப்பது, எப்போது பார்ப்பது? அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் 2004இலேயே ஓர் அட்டவணை கொடுத்தன. மாத்திரை தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகிய ஐந்தையும் குறித்துவிட வேண்டும். எடையை 4, 8, 12ஆம் வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் 12ஆம் வாரம் திரும்பப் பார்க்க வேண்டும். அழுத்தமும் சர்க்கரையும் அதன்பின் ஆண்டுதோறும். தொடக்க எடையில் 5 சதவீதம் கூடினாலே மருத்துவரிடம் பேச வேண்டும். 60 கிலோ பையன் 63 ஆனால் போதும்; 75 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

இடுப்பளவுக்குத் தையல்காரர் டேப் போதும். பேன்ட் கட்டும் இடத்தில் வைத்தால் கணக்கு தப்பும். தொப்பை அதற்கு மேலே நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டதும் படியுங்கள். நம் நாட்டு உடலுக்கு எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

அளவு கூடினால் வழி உண்டு. மருந்தை மாற்றலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம், இரண்டும் மருத்துவர் முடிவு. வேறு மருந்துகள் கேட்காமல் குளோசபினுக்கு வந்தவருக்கு மாற்றுவது எளிதல்ல. ஆனால் அவருக்கு வெள்ளணு எண்ணிக்கைக்காக எப்படியும் தொடர்ந்து ரத்தம் எடுக்கிறார்கள். அதே ஊசியில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் இனிப்பு டீயையும் குளிர்பானத்தையும் குறைத்து, மாலையில் கூடவே நடந்துவிட்டு வரலாம். அளவுக்கு மீறிய தாகமும் இரவெல்லாம் சிறுநீரும் என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோயாளிக்குச் சமமான சிகிச்சை மனநோயாளிக்கும் வேண்டும் என்கிறது. ஆகவே இதைக் கேட்பது சலுகை இல்லை. யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் போடுங்கள். 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் இலவச சேவை அது. நம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதன் தலைமை மையம்.

அந்த அம்மாவிடம் கடைசியாகச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு எடையும் இடுப்பளவும் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை மேசையில் வைத்து, "சர்க்கரை எப்போ பார்க்கணும் டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.